காதுகுத்தும் தாய்மாமன் காய்ச்சலும்

மதுரையில் என்னை முதலில் வரவேற்றது என் முகம்தான். திருப்பரங்குன்றத்துக்குத் திரும்பும் முனையில், பழச்சாறுக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவே ஒரு ஃபிளக்ஸ் பேனர் நின்றது. மேலே நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று கையால் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. கீழே தங்க நிறச் சட்டத்துக்குள் என் பாஸ்போர்ட் படம். சிரிக்கக் கூடாது என்று மிரட்டி எடுத்த படம் அது. ‘கடல் கடந்து வரும் எங்கள் குலவிளக்கே, ஈப்போ இந்திராணி அக்காவே, வருக!’ என்று எழுதியிருந்தது. எழுத்தை மறைத்துவிட்டுப் பார்த்தால் போலீஸ் தேடும் ஆள் மாதிரி இருந்தேன்.

“எப்புடிக்கா இருக்கு?” என்றான் முத்துப்பாண்டி, குட்டியானை என்று இவர்கள் சொல்லும் சின்ன லாரியை நிறுத்தி.

“என்னைப் பிடித்துக் கொடுத்தால் என்ன தருவார்கள்?” என்றேன். அவனுக்குப் புரியவில்லை. கீழே இறங்கி, பேனரின் ஒரு மூலை தொங்குவதை இழுத்துக் கட்டிவிட்டு வந்தான்.

முத்துப்பாண்டி என் சித்தி மகன். எங்கள் தாத்தா மலேசியாவுக்குக் கப்பலேறியபோது ஒரு மகளை இங்கேயே விட்டுச் சென்றார்; அந்தச் சித்தியின் பிள்ளைகள் இருவர். மூத்தவன் இவன், சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். இளையவள் செல்வி, அலங்காநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகள் தன்யாவுக்குத்தான் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அதனால் மேளதாளத்தோடு சீர் கொண்டுபோக வேண்டியது முத்துப்பாண்டியின் பொறுப்பு.

இந்த விஷயத்தில் அவனுக்கு ஒரு பழைய காயம் இருந்தது. செல்வி முந்தின நாளே போய்விட, கல்யாணத்தன்று பெண் வீட்டார் போன பஸ் வழியில் படுத்துவிட்டது. தாலி கட்டி, முதல் பந்தி முடிந்து, இலை எடுக்கும் நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தார்கள். “மாப்ள வீட்டாளுக இன்னைக்கும் அதச் சொல்லிச் சிரிப்பாய்ங்கக்கா. இந்தத் தடவ நம்ம போற போக்குல அலங்காநல்லூரே திரும்பிப் பாக்கணும்” என்றான். வெளிநாட்டு அக்கா ஒருத்தி ஊர்வலத்தில் நடப்பது அந்தத் திட்டத்தின் ஒரு பகுதி. என் பயணத்தின் நோக்கம் எனக்கு அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

நான் யாரென்றும் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் எங்களுக்கு டயர் கடை. மழை பெய்தால் டயருக்குள் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் கொசுப்புழு வரும். புழு வந்தால் சுகாதார அதிகாரி வருவார். இரண்டு முறை சம்மன் வாங்கியிருக்கிறோம். போன வருடம் எனக்கே டெங்கு வந்து படுத்தேன். அன்றிலிருந்து தேங்கிய தண்ணீரைப் பார்த்தால் கை தானாகக் கவிழ்த்துவிடும். என் கணவர் காபியைப் பாதி குடித்து வைத்துவிட்டு எழுந்து போகப் பயப்படுவார்.

வந்த அன்று மாலை மொட்டை மாடிக்குத் துணி காயப்போட ஏறினேன். சீர்ப் பாத்திரங்கள் அங்கேதான் இருந்தன. கீழே இடமில்லையாம். பித்தளை அண்டா, குடங்கள், எவர்சில்வர் வாளிகள், தன்யா குளிக்க ஒரு ரோஸ் கலர் பிளாஸ்டிக் தொட்டி. ஐப்பசி மழை எல்லாவற்றையும் பாரபட்சமில்லாமல் நிரப்பியிருந்தது. குனிந்து பார்த்தேன். அண்டாவுக்குள் நூற்றுக்கணக்கில் புழுக்கள் தலைகீழாகத் துள்ளிக்கொண்டிருந்தன.

நான் வேலையைத் தொடங்கினேன். அண்டா போனது, வாளிகள் போயின, தொட்டி போனது. மூலையில் மஞ்சள் துணி கட்டிய ஒரு செம்பு இருந்தது. அதையும் கவிழ்த்தேன்.

முத்துப்பாண்டியின் மனைவி ஜோதி அப்போதுதான் படியேறி வந்தாள். ஈரத் தரையைப் பார்த்தாள். என் கையிலிருந்த செம்பைப் பார்த்தாள்.

“அக்கா, அது ராமேஸ்வரத்துத் தீர்த்தம்.”

நான் செம்பை நிமிர்த்தினேன், இனி அதில் பயனில்லை என்று தெரிந்தும்.

“பிள்ளயக் குளிப்பாட்டக் கொண்டு வந்தோம்” என்றாள். கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பின்னாலேயே வந்த முத்துப்பாண்டி நிலைமையைப் பார்த்தான். செம்பை என்னிடமிருந்து வாங்கி, மாடித் தண்ணீர்த் தொட்டியின் குழாயில் பிடித்து, மறுபடி துணியைக் கட்டினான். “வேற யாருக்கும் தெரியாதுல்ல? விடு. இதுவும் என்னைக்கோ கடல்ல இருந்த தண்ணிதான்” என்றான். சொல்லிவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்தான். கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டை விரலால் அமுக்குவது போல வலிக்கிறதாம். ஸ்பீக்கர் பெட்டி தூக்கிய அலுப்பு என்றான். அன்று இரவு அவனுக்குக் காய்ச்சல் அடித்தது.

மறுநாள் புதன்கிழமை. என்னை ஊர் சுற்றிக் காட்டியே தீருவேன் என்று புறப்பட்டான். நகரப் பேருந்தில் எனக்கு இடம் கிடைத்தது, அரைப்பங்கு. மீதி அரைப்பங்கில் ஒரு சேவல் இருந்தது. எங்கள் ஊரில் பஸ் நிறுத்தத்தில் பஸ் நிற்கும். இங்கே நிறுத்தத்துக்கு முன்பும் பின்பும் நின்றது. நிறுத்தத்தில் மட்டும் நிற்கவில்லை. இறங்கி ஓடிப்போய்ப் பருத்திப்பால் குடித்தோம். வெல்லமும் சுக்கும் சேர்ந்து தொண்டையில் இறங்கியபோது, ஈப்போவின் வெள்ளைக் காபியை ஒரு கணம் மறந்தேன். முத்துப்பாண்டி குடிக்கவில்லை. வெயிலில் நின்றபடி நடுங்கினான்.

நேரே ஒரு மருந்துக் கடைக்குப் போனான். “காச்சலுக்கு ஒண்ணு, மேலு வலிக்கு ஒண்ணு, சேத்துப் போட்டுக் குடுங்கண்ணே” என்றான். கடைக்காரர் அட்டைகளை வெட்டி வெட்டிக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார். நான் பையைப் பிடுங்கி, ஒவ்வொன்றாக என்னவென்று கேட்டேன். “காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். இந்த வலி மாத்திரை வேண்டாம். ஒருவேளை டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவை இழுத்துவிடும்.”

“டெங்கா?” கடைக்காரர் பயந்துபோய் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அங்கே சேமியா ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரும் நகர்ந்தார்.

“அக்கா, மெதுவாப் பேசு” என்று என்னை வெளியே இழுத்தான் முத்துப்பாண்டி. “இது கண்ணேறு. அந்தப் பேனர ஊரே பாக்குதுல்ல.” அன்று மாலை ஜோதி அவனுக்கு மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடியில் எல்லோரும் இருமினோம். கொசுக்கள்கூட வெளியேறியிருக்கும். காய்ச்சல் போகவில்லை.

வியாழனன்று ரத்தம் எடுத்தார்கள். டெங்கு என்று உறுதியானது. பக்கத்துத் தெருவில் கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மா இளவயதுக்காரர், பேச்சு கறார்.

“ஒரு ஊசி போட்டு விடுங்கம்மா, ஞாயித்துக்கெழம ஒரு விசேசம்” என்றான் முத்துப்பாண்டி.

“இதுக்கு ஊசி கிடையாதுங்க. தண்ணி, இளநீ, கஞ்சி, உப்புச்சர்க்கரைக் கரைசல், நிறையக் குடிக்கணும். தினமும் வந்து ரத்தம் பாக்கணும். காய்ச்சல் விட்டதும் சரியாயிருச்சுன்னு நெனச்சிராதீங்க. சிக்கல் வந்தா அப்பதான் வரும். வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், ஒரேயடியா அசதி, இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.”

வெளியே வந்ததும் முத்துப்பாண்டி சொன்னான், “கேட்டியாக்கா? காச்சல் விட்டா சரியாயிரும்னு டாக்டரே சொல்லிட்டாக.”

வீட்டில் அவன் கட்டிலுக்குக் கொசுவலை கட்டினேன். அவனைக் கடித்த கொசு அடுத்து ஜோதியைக் கடித்தால் இந்த வீட்டில் இரண்டாவது கட்டில் வேண்டியிருக்கும் என்று விளக்கினேன். “பகல்ல எதுக்குக்கா வல?” என்றாள் ஜோதி. இந்தக் கொசு பகலில்தான் வேலைக்கு வரும் என்றதும், கையிலிருந்த கொசு மட்டையை அந்த நேரத்திலேயே வீச ஆரம்பித்தாள். வலைக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்து, பந்தல்காரருக்கும் மேளக்காரருக்கும் போனில் உத்தரவு போட்டான் முத்துப்பாண்டி. பார்க்க வருபவர்களுக்கு வலைக்கு வெளியே நாற்காலி போட்டோம். ஜெயிலில் ஆளைப் பார்ப்பது போல ஒவ்வொருவரும் முகத்தை வலைக்கு அருகில் கொண்டுபோய்ப் பேசினார்கள்.

விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று அவன் சத்தியம் வாங்கியிருந்தான். மற்றபடி தெருவுக்கே தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஒருவர் பப்பாளி இலைச் சாறு கொண்டு வந்தார். இன்னொருவர் நிலவேம்புக் கஷாயம். ஆட்டுக்கால் சூப் ஒரு தூக்குவாளி. தெருக்கோடி டீச்சர் கிவி பழங்களைக் கொண்டு வந்து, தோலோடு சாப்பிட வேண்டுமா உரித்தா என்று என்னையே கேட்டார். வந்தவர் மனம் நோகக் கூடாதென்று முத்துப்பாண்டி எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் விழுங்கினான். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே முகம் சுளித்தான். எங்கள் ஊரிலும் இதேதான், நண்டு சூப் மட்டும் கூடுதல்.

சனிக்கிழமை ரத்தத் தட்டணுக்கள் இறங்கியிருந்தன. மறுநாள் காலையும் அவசியம் வரும்படி டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

ஞாயிறு காலை நான் எழுந்தபோது கொசுவலை காலியாக இருந்தது. முற்றத்தில் முத்துப்பாண்டி குளித்து, பட்டு வேட்டி கட்டி, மீசையைச் சீவிக்கொண்டிருந்தான். “தொட்டுப் பாருக்கா. ஜில்லுன்னு இருக்கு. காச்சல் ஓடிப்போச்சு!”

தொட்டுப் பார்த்தேன். உண்மைதான், ஜில்லென்றிருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. “முதலில் டாக்டரிடம் போவோம்” என்றேன்.

“குத்தி முடிச்ச கையோட வாரேன். மடியில வச்சுக் குத்த எம்புட்டு நேரம் ஆகும்? ஒரு அஞ்சு நிமிசம். இப்ப நான் போகலைன்னா, பஸ்ஸுக்கு அப்புறம் இது வேற சேந்துக்கிரும்.”

ஜோதியும் சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. வேறு வழியின்றி உப்புச்சர்க்கரைக் கரைசலைப் பெரிய பாட்டிலில் கரைத்துக்கொண்டு நானும் ஏறினேன்.

அலங்காநல்லூரில் குலதெய்வக் கோயிலுக்கு அரை கிலோமீட்டர் முன்பே வண்டிகளை நிறுத்தி, ஊர்வலம் தொடங்கியது. முன்னே மேளம். அடுத்து, கூம்பு ஒலிபெருக்கிகளைத் தலையில் சுமந்த குட்டியானை, அதில் மைக் பிடித்த ஓர் ஆள், “இதோ வருகிறார் தாய்மாமன்!” என்று ஊரைக் கூட்டினான். பின்னால் தாம்பாளத் தட்டுகளோடு பெண்கள், நான் காலி செய்த அண்டா, ரோஸ் தொட்டி. நடுவில் மாலையோடு முத்துப்பாண்டி. “மலேசியாவிலிருந்து கடல் கடந்து...” என்று என் பெயரும் வந்தது. நான் பாட்டிலை உயர்த்தி, “குடி” என்று அவனுக்குச் சைகை காட்டினேன். கூட்டம் நான் கையசைப்பதாக நினைத்துத் திருப்பிக் கையசைத்தது.

கோயில் வாசலை நெருங்கும்போது அவன் நடை மாறியது. வலது கையால் வயிற்றைப் பிடித்திருந்தான். வாசலில் கட்டியிருந்த வரவேற்பு பேனருக்குப் பின்னால் ஒதுங்கினான். நான் போய்ப் பார்த்தபோது வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். முகம் வெளிறி, உள்ளங்கை வேர்த்துக் குளிர்ந்திருந்தது.

“எப்போதிலிருந்து வயிறு வலிக்கிறது?”

“விடியக்காலையில இருந்து” என்றான் தரையைப் பார்த்தபடி. “மூணு தடவ எடுத்துட்டேன். செல்விகிட்டச் சொல்லாதக்கா. அவ இந்த நாளுக்காக எம்புட்டுக் காலமாக் காத்துக்கிட்டு இருக்கா தெரியுமா?”

போன வருடம் என் அடுத்த கட்டிலில் ஒரு பெண் இப்படித்தான், காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டுக்குப் போகத் துணியை மடித்துக்கொண்டிருந்தவள், நிற்கும்போதே சரிந்தாள். நான் சத்தியத்தை மீறினேன். அரக்குப் பட்டில் ஆரத்தித் தட்டோடு நின்ற செல்வியின் காதருகே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் தட்டைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள். பேனருக்குப் பின்னால் போய் அண்ணனைப் பார்த்தாள்.

“நெசமாண்ணே?”

“ஒண்ணுமில்ல ஆத்தா. பிள்ளையத் தூக்கிட்டு வா. அஞ்சே நிமிசம்.”

“ஒனக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா அந்தத் தோட எம்பிள்ள காதுல எப்புடிண்ணே நான் பாப்பேன்?”

அவன் பதில் சொல்வதற்குள் அவள் குட்டியானையின் மேல் ஒரு காலை வைத்து ஏறி, மைக்கைப் பிடுங்கினாள். மேளம் தானாக நின்றது.

“எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க. எங்கண்ணன் வந்துட்டாரு. சீரும் வந்துருச்சு. நேரத்துக்கு வந்துருச்சு. இப்ப அவருக்கு மேலுக்கு முடியல, ஆஸ்பத்திரிக்குப் போறாரு. காது எங்கயும் ஓடிப்போயிராது, பெறகு குத்திக்கலாம். கறி வெந்துருச்சு, எல்லாரும் பந்திக்குப் போங்க!”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் கடைசி வாக்கியம் நல்ல வாக்கியம். மக்கள் பந்தலை நோக்கி நகர்ந்தார்கள்.

செல்வியின் கணவர் செல்லத்துரை அதிகம் பேசாதவர். அவரே குட்டியானையில் ஏறி உட்கார்ந்து கிளப்பினார். நடுவில் முத்துப்பாண்டி, ஓரத்தில் நான்; இடமில்லாத ஜோதி பின்னால் ஆட்டோவில் வந்தாள். செல்வி வண்டிக்குள் தூக்கிப் போட்ட மைக் எங்கள் காலடியில் கிடந்தது. அது அணைக்கப்படவில்லை என்பது மூவருக்குமே தெரியாது.

“மெதுவாப் போ மாப்ள, வயிறு குலுங்குது.”

“பேசாம வா மச்சான்.”

“இப்புடி ஆகிப்போச்சே. ஒங்க ஆத்தா என்ன சொல்லும்? பஸ்ஸு வராத கதைய இனிமே...”

“எந்த பஸ்ஸு?”

“கல்யாணத்துக்கு நாங்க லேட்டா வந்தமே, அந்த பஸ்ஸு.”

செல்லத்துரை ஹாரனை அழுத்தினார். “எங்க ஆத்தா அத எப்பவோ மறந்துருச்சு மச்சான். வருசா வருசம் பொங்கலுக்கு வந்து, ‘அந்த பஸ்ஸ மட்டும் மன்னிச்சிருங்க’ன்னு நீதான் ஞாபகப்படுத்துற. நீ சொன்ன பெறகுதான் அவுக சிரிக்கிறாக!”

சாலையோரம் டீக்கடையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பதைக் கவனித்தேன். இந்த ஊரில் அந்நியரையும் எவ்வளவு அன்பாகப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கோரிப்பாளையம் சந்திப்பு வந்ததும் நெரிசலில் வண்டி நின்றுவிட்டது. நாலு பக்கமும் ஆட்டோ, பஸ், பைக். முத்துப்பாண்டி என் தோளில் சாய்ந்தான். கூப்பிட்டால் ‘ம்’ என்று மட்டும் சொன்னான். எனக்கு அடக்க முடியவில்லை. “ஐயோ, இவனுக்கு டெங்கு, தட்டணு இறங்கிவிட்டது, யாராவது வழி விட மாட்டார்களா!” என்று அழுதேன்.

என் அழுகை கூம்புகள் வழியாகச் சந்திப்பு முழுவதும் எதிரொலித்துத் திரும்பி வந்தபோதுதான் மைக் விஷயம் புரிந்தது. தர்கா பக்கம் அத்தர் கடை வாசலில் நின்ற ஒரு பெரியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடுரோட்டில் இறங்கினார். “ஏ ஆட்டோ, ஒடிச்சு எடு! பஸ்ஸு, பின்னாடி போப்பா! நோயாளி வாராங்க!” என்று பஸ்ஸின் நெற்றியிலேயே தட்டினார். போலீஸ்காரரும் ஓடி வந்தார். நெரிசல் பிளந்து வழி விட்டது. பக்கத்தில் பைக்கில் போனவர் குனிந்து, “அண்ணே, பஸ்ஸ விட்ருங்கண்ணே, ஒடம்பப் பாருங்க” என்றார். முத்துப்பாண்டி அந்த நிலையிலும் கண்ணைத் திறந்து, “அலங்காநல்லூர்ல இருந்தே கேட்டுருக்கா?” என்று முனகினான்.

ஆஸ்பத்திரியில் அவனை உடனே படுக்க வைத்து, டிரிப்ஸ் ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் ரத்த அழுத்தம் விழுந்திருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர். அன்று முழுவதும் செல்லத்துரை சாப்பிடப் போகவில்லை. கோயிலிலிருந்து செல்வி கொடுத்தனுப்பிய கறிச்சோற்றுப் பொட்டலம் அவர் மடியிலேயே ஆறிப்போனது.

அடுத்த இரண்டு நாட்கள் வார்டில் கழிந்தன. அங்கே யாரும் பெயர் கேட்பதில்லை. “எம்புட்டு?” என்றுதான் கேட்பார்கள், தட்டணு எம்புட்டு என்று. கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிதான். கூடினால் கட்டிலுக்குக் கட்டில் சந்தோஷம், குறைந்தால் மௌனம். முத்துப்பாண்டியின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியபோது எதிர்க் கட்டில்காரரின் மனைவி எங்களுக்கு மிக்சர் கொடுத்தார்.

திங்களன்று திருப்பரங்குன்றம் வீட்டுக்குக் கொசு ஒழிப்புப் பெண்கள் இருவர் வந்தார்கள். நோய் வந்த வீட்டைச் சோதிப்பது வழக்கமாம். மாடி எல்லாம் நானே பார்த்துவிட்டேன் என்று பெருமையாக அழைத்துப் போனேன். ஒருத்தி நேரே மூலைக்குப் போய், பழுதாகி வானம் பார்த்து அடுக்கி வைத்திருந்த கூம்பு ஒலிபெருக்கிகளுக்குள் டார்ச் அடித்தாள். “இங்கன வாங்கம்மா” என்றாள். ஒவ்வொரு கூம்பின் அடியிலும் ஒரு குடும்பமே இருந்தது. எங்கள் ஊரில் என்றால் எனக்கு மூன்றாவது சம்மன். அவற்றைக் கவிழ்த்து, தார்ப்பாய் போட்டு மூடினோம். தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவச் சொன்னார்கள். ஜோதி அன்றே தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் பயணத்தைத் தள்ளிப்போட்டேன். அடுத்த ஞாயிறு மறுபடி அதே கோயில். இம்முறை மேளம் இல்லை, மைக் இல்லை. ஆள் பத்துப் பேர் இருப்போம். முத்துப்பாண்டி மெலிந்து, சட்டை தொளதொளவென்று தொங்க, பாயில் உட்கார்ந்தான். தன்யா நல்ல கனம். மடியில் ஏறியதும் அவன் பின்னால் சாய்ந்தான். யாரும் சொல்லாமலே செல்லத்துரை வந்து அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் முதுகை அவன் முதுகுக்கு முட்டுக் கொடுத்தார். மாமன் மடியில் குழந்தை, மாமனுக்கு முதுகாகக் குழந்தையின் அப்பா.

ஆசாரி முதல் காதைக் குத்தியதும் தன்யா போட்ட கூச்சலில் கோயில் புறாக்கள் பறந்தன. இரண்டாவது காதைக் கையால் பொத்திக்கொண்டாள். பெரியம்மாவான நான் கெஞ்சினேன், செல்வி மிரட்டினாள், ஆசாரி மிட்டாய் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

முத்துப்பாண்டி தன் இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினான். ஊசி ஏறிய இடமெல்லாம் கன்றிப்போய் நீலமும் பச்சையுமாக இருந்தன. “பாரு தங்கம், மாமனுக்கு எம்புட்டுக் குத்து குத்துனாக. மாமன் அழுதனா?”

அவள் அழுகையை நிறுத்தினாள். புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டு, முழங்கை வரை போய்ப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்து, மிகுந்த கவலையோடு கேட்டாள்:

“இம்புட்டு ஓட்ட போட்டாகளே, ஒனக்கு எத்தன தோடு மாமா வாங்கணும்?”

முதுகோடு முதுகாக இரண்டு ஆண்களும் குலுங்கிச் சிரித்தார்கள். அந்தக் குலுக்கலில் மடியிலிருந்தவளும் என்னவென்று தெரியாமலே சிரித்து, காதிலிருந்து கையை எடுத்தாள். ஆசாரி அதற்காகத்தான் காத்திருந்தார்.